நாலாம் கதவை மூடியவள்

அந்தப் போன் வந்தபோது அவள் லென்ஸில் துளை போட்டுக்கொண்டிருந்தாள்.

கண்ணாடிக் கடையின் பின்பக்கம், மரத் தடுப்புக்கு அப்பால், எட்டுக்கு ஆறு அடியில் ஒரு அறை. பதினான்கு வருடமாக அவள் வேலை செய்யும் இடம் அதுதான். டாக்டர் சீட்டில் எழுதியிருக்கும் பவருக்கு லென்ஸை எடுத்து, நடுப்புள்ளியைக் குறித்து, ஃப்ரேமின் அளவுக்கு ஓரத்தைத் தேய்த்து, பொருத்திக் கொடுக்க வேண்டும். அன்றைக்குக் கையில் இருந்தது விளிம்பில்லாத கண்ணாடி. அதற்கு லென்ஸிலேயே துளை போட்டுத்தான் திருகாணி முடுக்க முடியும். காதுப் பக்கத்துத் துளை போட்டாகிவிட்டது. மூக்குப் பக்கத்துத் துளை பாக்கி.

“டிரைவிங் ஸ்கூல்லேருந்து பேசறேங்க. உங்க அக்கா மயக்கமாயிட்டாங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருக்கோம். கொஞ்சம் சீக்கிரம் வாங்க.”

“சரி” என்று சொல்லிப் போனை வைத்தாள். பிறகு அந்த இரண்டாவது துளையையும் போட்டாள். தூளைத் துடைத்தாள். லென்ஸை அதன் சீட்டோடு சேர்த்துத் தட்டில் வைத்தாள். அதற்கப்புறம்தான் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மூன்று நிமிடம் ஆகியிருக்கும்.

அவள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தலைக்குள் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது, இங்கே கொண்டு வரும்போதே உயிர் இல்லை என்றார் டாக்டர். அக்கா கார் ஓட்டச் சொல்லிக் கொடுப்பவள். அன்றைக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்த மாணவி ஆஸ்பத்திரி நடையில் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள்.

“ரைட்ல திரும்பச் சொன்னாங்க. இண்டிகேட்டர் போடுன்னாங்க. போட்டேன். அப்புறம் ஒண்ணும் சொல்லலையேன்னு பார்த்தா தலை சாஞ்சிருந்துச்சு. வண்டியை ஓரமா நிறுத்தினேன். சரியா நிறுத்தினேனான்னு தெரியலைங்க.”

“சரியாத்தான் நிறுத்தியிருக்கே” என்று அவள் சொன்னாள். சொன்ன பிறகு, இதை ஏன் சொன்னோம் என்று யோசித்தாள். அக்கா சொல்லியிருப்பாள், அதனால் இருக்கலாம்.

அவள், அக்கா, அப்பா, மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தவர்கள். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தபின் அப்பா அழுதுகொண்டே இருந்தார். குளிக்கும்போது அழுதார், செருப்பைத் தேடும்போது அழுதார், காது மெஷினுக்கு பேட்டரி மாற்றும்போது அழுதார். அவளுக்கு அழுகை வரவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள், டம்ளர்களைக் கழுவினாள், இறப்புச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்தாள். அத்தை அடுக்களை வாசலில் நின்று யாரிடமோ, “கல்லு மாதிரி நிக்கறா பாரேன். கூடப் பிறந்தவளாச்சே, ஒரு சொட்டு வரலையே” என்று சொன்னது காதில் விழுந்தது. அத்தை சொன்னதில் தப்பில்லை என்றே அவளுக்குப் பட்டது.

நான்காம் நாள் வேலைக்குப் போனாள். அன்று இருபத்திரண்டு கண்ணாடி முடித்தாள். அந்த மாதம் அவள் கையில் ஒரு லென்ஸ்கூட உடையவில்லை. வழக்கமாக மூன்று நான்காவது போகும். கடை முதலாளி, “என்னம்மா, இந்த மாசம் பிச்சு உதறிட்டே” என்று சொல்லிவிட்டு உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

*

அக்கா இறந்த முப்பத்துநான்காம் நாள், ஒரு சனிக்கிழமை, மதியக் காட்சிக்கு அவள் சினிமாவுக்குப் போனாள்.

டிக்கெட் இரண்டு மாதத்துக்கு முன்பே எடுத்தது. ‘ஒன்பதாம் சுற்றுப்பாதை’ படத்தின் இரண்டாம் பாகம். முதல் பாகம் வந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. வளையமுள்ள ஒரு கோளைச் சுற்றப் போன விண்கலம் அதன் மறுபக்கத்தில் காணாமல் போகிறது. ஆறு பேரில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரியாமலே படம் முடிந்துவிடும். அந்தப் படத்தை அவள் பார்த்த அன்றைக்கு இடைவேளையில் தியேட்டர் மெஷின் பழுதாகிவிட்டது. பாதிப்பேர் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மீதிப்பேர் கொஞ்ச நேரம் கத்திவிட்டுப் போனார்கள். கடைசியில் நான்கு பேர் மட்டும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை; பார்த்த பாதிப் படத்தைப் பிரித்து மேய்ந்தார்கள். மெஷின் சரியானபோது, “இருங்க, இதைப் பேசி முடிச்சுடறோம்” என்று சொல்லத் தோன்றியது.

அன்றிலிருந்து மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு பேரும் சந்தித்தார்கள். ஒருவர் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவர், அவர் ‘சார்’. ஒருவர் டவுன் பஸ் ஓட்டுகிறவர். விண்கலம் என்றால் உயிரை விடுவார் என்பதால் ‘பைலட்’. மூன்றாமவள் தையல் கடை வைத்திருக்கும் டைலரக்கா. நான்காவது இவள், ‘லென்ஸ்’. ஒன்பது வருடத்தில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனதில்லை. படம்தான் அவர்களுக்குப் பேச்சு. வீட்டைப் பற்றிய பேச்சு படத்தின் ஓரத்தில் வந்து போகும். அவளுக்கு ஒரு அக்கா உண்டு, அந்த அக்கா முதல் பாகத்தை டிவியில் போட்டுக் காட்டியபோது பத்தாவது நிமிடத்தில் குறட்டை விட்டாள் என்பது அவர்களுக்குத் தெரியும். அவ்வளவுதான்.

இறந்த விஷயத்தை அவள் அவர்களிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. ஒருநாள் அவர்களுடைய வாட்ஸப் குழுவில் ‘எங்க அக்கா’ என்று அடித்தாள். அதற்குள், புதுப் படத்தின் முன்னோட்டத்தில் கப்பலின் நிழல் தப்பான பக்கம் விழுகிறது என்று சாரின் நீளமான செய்தி ஒன்று வந்து விழுந்தது. அடித்ததை அழித்துவிட்டு ஒரு கட்டைவிரலை அனுப்பினாள்.

சினிமாவுக்குப் போகாமல் இருந்தால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டும். போவது சுலபமாக இருந்தது, போனாள்.

அரங்கு நிறைந்திருந்தது. படத்தின் பெயர் திரையில் வந்ததும் பைலட் எழுந்து நின்று விசிலடித்தார். ஒன்பது வருடம் காத்திருந்த படம். அவள் திரையையே பார்த்தாள். வேறு யாருடைய பவர் கண்ணாடியையோ மாட்டிக்கொண்டு பார்ப்பதுபோல எல்லாம் இருந்தது, எதுவும் அவளை வந்து தொடவில்லை.

கதை இதுதான். பதினோரு வருடம் கழித்து விண்கலத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். உள்ளே நான்கு பேர் உயிரோடு இருக்கிறார்கள். கேப்டனும், கப்பலின் மெக்கானிக்கும் கணவன் மனைவி. திரும்பி வரும் வழியில் தீப்பிடிக்கிறது. தீ பரவாமல் இருக்க நாலாம் கதவை மூடியாக வேண்டும். கேப்டன் கதவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொள்கிறார். மெக்கானிக் கதவை மூடுகிறாள். மூடிவிட்டு அவள் அழவில்லை, அலறவில்லை. சாமான் அறைக்குப் போய், தண்ணீர் சுத்தம் செய்யும் ஃபில்டர்களைப் பெட்டியிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாக எண்ணுகிறாள். எண்ணி முடித்துத் திரும்பப் பெட்டியில் வைக்கிறாள். பிறகு படுத்துத் தூங்குகிறாள். அடுத்த காட்சியில் கப்பலை ஓட்டுகிறாள்.

ஃபில்டர் எண்ணும்போது அரங்கில் யாரோ சிரித்தார்கள். பின்வரிசையில் ஒருவர், “இவளுக்குப் புருஷன்மேல என்ன கோபமோ” என்றார். மறுபடியும் சிரிப்பு.

அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, வேறொன்றும் வரவில்லை. ஆனால் வாய்க்குள் அவளும் கூடவே எண்ணியிருந்தாள். பதினேழு.

*

படம் பார்த்த அன்றைக்கே அதைப் பற்றிப் பேசக் கூடாது என்பது சார் போட்ட சட்டம். அன்றே பேசினால் புலம்பல்தான் வரும், ஒரு வாரம் ஊறட்டும் என்பார். அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு நால்வரும் தையல் கடையில் கூடினார்கள். ஞாயிறு கடைக்கு விடுமுறை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, துணி வெட்டும் மேஜையைச் சுற்றி முக்காலிகளைப் போட்டுக்கொள்வது வழக்கம். டைலரக்கா ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டே பேசுவாள். கை சும்மா இருந்தால் அவளுக்கு வாய் வராது.

சார் மடித்து வைத்திருந்த தாளை விரித்தார். “கதையில மொத்தம் பதினொரு ஓட்டை.”

“முதல்ல நல்லது சொல்லணும் சார். அதுதானே முறை?” என்றார் பைலட். “அந்தக் கோளோட வளையத்துக்குள்ள கப்பல் நுழையற இடம் இருக்கே. ஐஸ் கட்டியெல்லாம் கண்ணாடியில வந்து மோதி, சத்தமே இல்லாம... எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. அந்த ஒரு இடத்துக்கே காசு சரியாப் போச்சு.”

“சத்தமில்லாம எடுத்ததுக்கு நானும் கைதட்டறேன்” என்றார் சார். “விண்வெளியில சத்தம் கேட்காதுன்னு இவங்களுக்காவது தெரிஞ்சிருக்கு. ஆனா ஆக்ஸிஜன்? ஆறு பேருக்கு மூணு வருஷத்துக்குன்னு முதல் பாகத்துல சொன்னாங்க. நாலு பேரு பதினோரு வருஷம் எப்படி மூச்சு விட்டாங்க? பெருக்கிப் பாருங்க. எட்டாம் வகுப்புக் கணக்கு.”

“செடி வளர்த்தாங்களே சார்.”

“தொட்டியில ஏழு செடி, பைலட். ஏழு செடி வச்சு ஒரு பூனைகூட மூச்சு விட முடியாது.”

டைலரக்கா ஊசியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு, “அந்தச் சின்னப் பையன் போட்டிருந்த உடுப்புல கிழிசல் இடது கையில இருந்துச்சு. கதவைத் திறந்து வெளியே வர்றான், வலது கையில இருக்கு. அதுவும் தையல் போட்ட கிழிசல். இவங்களுக்கு உடுப்பு தைக்கறவன் யாரு, கண்ணை மூடிட்டுத் தைக்கறானா?” என்றாள்.

“பிரேக்கைச் சொல்லுங்க” என்றார் பைலட். அவருக்கு இதில் மட்டும் கோபம் உண்டு. “நான் முப்பது கிலோமீட்டர்ல போற பஸ்ஸை நிறுத்தவே எவ்வளவு தூரம் வேணும் தெரியுமா? அவ்வளவு பெரிய கப்பல், மூணு எண்ணறதுக்குள்ள நிக்குது. உள்ள நிக்கறவன் ஒருத்தன்கூட விழலை. கம்பியக்கூடப் பிடிக்கலை!”

அவள் முக்காலியில் உட்கார்ந்து மேஜைமேல் கிடந்த அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சுருட்டுவாள், விடுவாள், மறுபடியும் சுருட்டுவாள். வழக்கமாக ஹெல்மெட் கண்ணாடியின் வளைவைப் பற்றி அவள்தான் ஒரு பிரசங்கம் செய்வாள். இன்றைக்கு யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

“இதெல்லாம் சில்லறை ஓட்டை” என்றார் சார். தாளில் கடைசி வரியின்கீழ் இரண்டு கோடு போட்டிருந்தார். “கப்பலே கவுந்து போற ஓட்டை ஒண்ணு இருக்கு. நாலாம் கதவு. புருஷன் கதவுக்கு அந்தப் பக்கம் எரிஞ்சு சாகறான். இவ போய் ஃபில்டர் எண்ணறா. எழுதினவனுக்கு விஞ்ஞானம் தெரியாட்டிப் பரவாயில்லை, மனுஷங்களைத் தெரிஞ்சிருக்க வேண்டாமா?”

“ஆமா சார், எனக்கும் அங்கதான் விட்டுப் போச்சு” என்றாள் டைலரக்கா. “நானா இருந்தா அந்தக் கதவுலயே முட்டிக்கிட்டுச் செத்திருப்பேன். பதினோரு வருஷம் ஒண்ணா இருந்தவன். ஒரு சொட்டுக் கண்ணீர் வேண்டாமா?”

பைலட் மெதுவாக, “நான் அந்த இடத்துல அழுதேன். ஆனா அவ அழலையேன்னுதான் அழுதேன். ஏதோ வெட்டிட்டாங்க போல. நடுவுல ஒரு காட்சி இருந்திருக்கும்” என்றார்.

“அது ஓட்டை இல்லை” என்றாள் அவள்.

மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்று அவள் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

“எப்படிச் சொல்றீங்க?” சார் முக்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். எதிர்வாதம் கிடைத்தால் அவருக்கு முகம் மலர்ந்துவிடும்.

“படத்துல சரியா இருக்கறதே அது ஒண்ணுதான். அவ எண்ணாம வேற என்ன பண்ணுவா? கதவை மூடிட்டா. அடுத்த நிமிஷம் ஒண்ணு வருதில்ல, அதை ஏதாவது வச்சு ஓட்டணும். ஃபில்டர் கைக்குப் பக்கத்துல இருந்துச்சு.”

“ஒத்துக்க மாட்டேன். அதிர்ச்சின்னு சொல்லுங்க, உறைஞ்சு போயிட்டான்னு சொல்லுங்க, சரி. உறைஞ்சவ அசையாம உட்கார்ந்திருப்பா. இவ வேலை செய்யறா. தப்பில்லாம எண்ணறா. தூங்கறா! எந்த மனுஷி அப்படிச் செய்வா? கதையில வேண்டாம், நிஜத்துல ஒரே ஒருத்தியைச் சொல்லுங்க பார்ப்போம்.”

“நான்” என்றாள்.

சார் சிரிக்கப் போனவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“எங்க அக்கா செத்துப் போயிட்டா சார். போன் வந்தப்போ லென்ஸுக்கு ஒரு துளை பாக்கி இருந்துச்சு. அதைப் போட்டுட்டுத்தான் போனேன். போய் அவளைப் பார்த்தேன். பார்த்துட்டு, அவ வாட்ச் மணி சரியா ஓடுதான்னு பார்த்தேன். ரெண்டு நிமிஷம் ஃபாஸ்ட். அன்னைக்கு நல்லாத் தூங்கினேன். நாலாம் நாள் வேலைக்குப் போனேன், இருபத்திரண்டு கண்ணாடி முடிச்சேன். ஒண்ணுகூடத் தப்பு இல்லை.”

அவள் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. கடையில் அளவு வாசித்துக் காட்டும் குரல்தான்.

“எப்போ?” என்றார் பைலட்.

“நாற்பத்திரண்டு நாளாச்சு.”

பாதி இறங்கிய ஷட்டருக்குக் கீழே தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரிந்தன. ஒரு ஜோடிக் கால்கள் நின்று, கடை மூடியிருப்பதைப் பார்த்துவிட்டு நகர்ந்தன.

டைலரக்கா ரவிக்கையை மேஜைமேல் வைத்தாள். “அதான்” என்றாள். “போன தடவையும் சரி, சினிமாவுல பார்த்தப்பவும் சரி, நீ என்னைக் கூப்பிடவே இல்லை. ‘கொஞ்சம் நகருங்க’ன்னே. ‘இதைப் பிடிங்க’ன்னே. ஒன்பது வருஷமா வார்த்தைக்கு வார்த்தை அக்கா அக்கான்னவ. நான் என்னடா தப்புப் பண்ணிட்டோம்னு ஒரு வாரமா மண்டையை உடைச்சுக்கிட்டேன்.”

அவளுக்கே அது தெரியாது. யோசித்துப் பார்த்தாள். உண்மைதான். அந்தச் சொல் நாக்குவரை வந்து, போகுமிடம் தெரியாமல் திரும்பிப் போயிருக்கிறது.

“சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதாடீ?” டைலரக்காவுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. “நாங்க இருக்கோம்ல? உன்னைக் கூட்டிட்டுப் போய் சினிமா பார்க்க வச்சிருக்கோம். பாப்கார்ன் வாங்கலையான்னு வேற கேட்டேன்.”

“நீங்க வாங்கிக் கொடுத்ததைச் சாப்பிட்டேன்” என்றாள் அவள். ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னாள்.

பைலட் எழுந்து போய் ஷட்டர் ஓரமாக நின்று மூக்கைச் சிந்தினார். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் தேய்த்துக் கொடுத்த லென்ஸ்தான் அது; வெறுங்கண்ணில் அவருக்கு எதிரிலிருப்பவர் முகம்கூடத் தெரியாது. வெகுநேரம் துடைத்தார். பிறகு மாட்டிக்கொண்டு, தாளை எடுத்து, இரண்டு கோடு போட்ட அந்த வரியைப் பேனாவால் அடித்தார்.

“அந்தக் காட்சி சரிதான்” என்றார். “எனக்குத்தான் தெரியலை.”

சாருக்கு அமைதி தாங்காது. முப்பது பிள்ளைகளின் இரைச்சலில் வாழ்கிறவர். தொண்டையைச் செருமினார், தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் தாளைப் பார்த்தார்.

“ஆனா ஆக்ஸிஜன் கணக்கு தப்புதான்.”

“சார்!” என்று டைலரக்கா அலறினாள்.

அவளுக்குத் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு மாதிரி இருந்தது. “தப்புதான் சார்” என்றாள். “ஏழு செடி பத்தாது.”

பிறகு அவர்கள் மற்ற ஓட்டைகளைப் பற்றிப் பேசினார்கள். தயங்கித் தயங்கித்தான் பேச்சு வந்தது, ஆனால் பேசினார்கள். அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதிருந்தால் எழுந்து போயிருப்பாள். பிரேக்கைப் பற்றியும் கிழிசலைப் பற்றியும் அவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்ததால் இருக்க முடிந்தது.

*

அடுத்த ஞாயிறு மூவரும் சொல்லாமல் அவள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். டைலரக்கா கையில் பழப்பை. பைலட் துவைத்து மடித்த சட்டை போட்டிருந்தார். சாருக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒன்பது வருடப் பழக்கத்தில் முதல் முறையாக ஒரு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார்கள்.

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். “யாரும்மா?”

“சினிமாவுக்குச் சேர்ந்து போறவங்கப்பா.”

“யாரு?”

“சினிமா!” என்றாள்.

அப்பா மூவரையும் உட்காரச் சொன்னார். அவர் கண் உடனே கலங்கியது. டைலரக்கா அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். டீ வந்தது. டீயும் தீர்ந்தது. சுவரில் அக்காவின் சாவிக்கொத்து ஆணியில் தொங்கியது. எல்லோரும் அதைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள்.

“என்ன படம்?” என்றார் அப்பா திடீரென்று.

“விண்வெளிப் படம்ப்பா. உங்களுக்குப் பிடிக்காது.”

“கேட்டா சொல்ல மாட்டியா? சும்மாதானே உட்கார்ந்திருக்கேன்.”

பைலட்டுக்கு அது போதும். நாற்காலியை அப்பாவின் நல்ல காதுப் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு முதல் பாகத்திலிருந்து ஆரம்பித்தார். அப்பாவுக்குக் கேட்கவேண்டுமென்று கத்தித்தான் சொன்னார். கப்பல் வளையத்துக்குள் நுழையும் இடத்தில் இரண்டு கையையும் விரித்து எழுந்து நின்றுவிட்டார். சார் இடையிடையே திருத்தினார். டைலரக்கா சாரைத் திருத்தினாள். அப்பா ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, “அப்புறம் அவன் என்ன பண்ணான்?” என்று கேட்டார். நாலாம் கதவு வந்ததும் பைலட் தடுமாறினார். அவளைப் பார்த்தார்.

“சொல்லுங்க” என்றாள் அவள்.

அவர் சொன்னார். மெக்கானிக் கதவை மூடியதையும் ஃபில்டர் எண்ணியதையும் சொன்னார். அப்பா கேட்டுக்கொண்டார். நெற்றியைத் தடவினார்.

“அந்தக் கேப்டன் கதவைத் தட்டினானா?” என்றார்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“தட்டலை” என்றார் சார் மெதுவாக. “தட்டவே இல்லை. இது எனக்குத் தோணவே இல்லையே. தீ அந்தப் பக்கம் இருக்கு, உயிர் போகுது, எவனா இருந்தாலும் தட்டுவான். பன்னிரண்டாவது ஓட்டை!”

“என்ன?” என்றார் அப்பா.

“ஓட்டை!” என்று சார் கத்தினார்.

“தட்டினா அவ திறந்துடுவான்னு அவருக்குத் தெரியும், அதான் தட்டலை” என்றாள் டைலரக்கா.

“அதுக்கெல்லாம் நேரம் எங்கம்மா இருந்துச்சு? புகையிலேயே மயங்கியிருப்பாரு. தெரிஞ்சே இருக்காது” என்றார் பைலட். சொல்லிவிட்டு, அவளை மறுபடியும் பார்த்துக்கொண்டார்.

“புகை அந்த அறைக்கு வர நாலு நிமிஷம் ஆகும்னு படத்துலேயே சொல்றாங்க!” என்றார் சார்.

“இல்லை சார்” என்றாள் அவள். “நாலு நிமிஷம் மூணாம் அறைக்கு. கேப்டன் இருந்தது எரியற அறைக்குள்ளயே. படத்துல காட்டின கப்பல் வரைபடத்தை நீங்க சரியாப் பார்க்கலை.”

“என்னம்மா சொல்றே?” அப்பா காதைத் திருப்பினார்.

“அவர் எரியற அறைக்குள்ளயே இருந்தாருப்பா! தட்ட முடியாது! கதவு வரைக்கும் வந்திருக்கவே முடியாது!” அவள் எழுந்து நின்றிருந்தாள். “அவ மூணு நிமிஷம் முன்னாடி மூடினாலும் பின்னாடி மூடினாலும் அவரு பிழைச்சிருக்க மாட்டாரு! கணக்குப் போட்டுப் பாருங்க சார்!”

சார் கணக்குப் போட்டார். தாள் இல்லாததால் விரலால் முழங்காலில் போட்டார். ஒத்துக்கொள்ளவில்லை. முதல் அறைக்கும் மூன்றாம் அறைக்கும் நடுவில் ஒரு நடைபாதை உண்டு என்றார். அவள் கிடையாது என்றாள். அப்பா பழத்தட்டை எடுத்து மேஜை நடுவில் வைத்து, இது கப்பல், எது எங்கே என்று காட்டு என்றார். பழங்களை நகர்த்தி நகர்த்தி ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள். கடைசிவரைக்கும் தீர்ப்பு வரவில்லை. டைலரக்கா பாதியில் எழுந்து போய், கேட்காமலே அடுக்களையில் இரண்டாவது தடவை டீ போட்டாள். “சர்க்கரை எங்கேடீ?” என்றாள். “மேல் தட்டுல, பச்சை டப்பாவுல” என்று இவள் கூடத்திலிருந்தே குரல் கொடுத்தாள்.

அவர்கள் கிளம்பும்போது ஒரு மணிக்கு மேல் ஆகிவிட்டது. பைலட்டுக்கு இரண்டு மணிக்கு டூட்டி. வாசலில் டைலரக்கா அவள் தோளை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனாள்.

அவளுக்கு அன்றைக்கும் அழுகை வரவில்லை. வரும் என்று அவள் எதிர்பார்க்கவும் இல்லை. உள்ளே வந்து டம்ளர்களை எடுத்தாள். அப்பா தட்டிலிருந்த பழங்களைக் கப்பலாகவே விட்டு வைத்திருந்தார்.

“இன்னைக்கு நீ பேசினது எனக்கு ஒழுங்காக் கேட்டுச்சு” என்றார். “இத்தனை நாளா உதடு அசையறதுதான் தெரிஞ்சுது. காது மெஷின் போச்சுன்னு நினைச்சேன்.”

“நான்தான் மெதுவாப் பேசியிருக்கேன்ப்பா.”

“ம்?”

“நான்தான் மெதுவாப் பேசியிருக்கேன்!”

அப்பா தலையாட்டினார். அவள் டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பற்ற வைத்தாள்.

“பசிக்குதுப்பா. சாப்பிடலாமா?” என்று கூடத்தைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டாள்.